உருளைக்கிழங்கு அழுகலும் கிருமிகளின் சங்கேதமும்

உருளைக்கிழங்கு பயிரிடும் குடியானவருக்கு, மகசூலைக் கண்ணால் கண்ட பின்னரும் கவலை தீர்வதில்லை. தோண்டும்போது கெட்டியாக இருந்த கிழங்கு, சாக்கில் கட்டி நாலைந்து நாள் கழித்து மண்டியில் அவிழ்க்கையில் கொழகொழவென்று கரைந்து, துர்நாற்றம் வீசிப் பக்கத்துக் கிழங்குகளின் மேலும் வழிந்து நிற்பதுண்டு. தோல் மட்டும் பைபோல மிஞ்சும். உள்ளிருந்த சதை கூழாகிவிடும். மூட்டையில் ஒன்றிரண்டு கிழங்குகள் இவ்வாறு கெட்டாலும், அவற்றின் நீர் பட்ட மற்றவையும் தொடர்ந்து கெடுகின்றன. நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு மழைக்காலத்தில் சரக்கு இறக்குவோர் இதனை நன்கு அறிவர். இந்நோய்க்கு மெல்லழுகல் என்று பெயர்.

இதனை உண்டாக்குவது பாக்டீரியா வகையைச் சேர்ந்த ஒரு கிருமி. நெடுங்காலம் எர்வினியா கரட்டோவோரா என்று வழங்கி வந்த இக்கிருமிக்கு இக்காலத்தில் பெக்டோபாக்டீரியம் என்ற பெயர் தரப்பட்டுள்ளது. செடியின் அணுவறைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையைக் கரைக்கும் நொதிகளை இது வெளியே கக்குகிறது. செங்கற்களுக்கு நடுவேயுள்ள சுண்ணாம்புச் சாந்து கரைந்தால் சுவர் எப்படிச் சரியுமோ அப்படியே கிழங்கின் சதையும் சரிகின்றது. காரட், முட்டைக்கோசு, கத்தரி முதலியவற்றையும் இக்கிருமி விடுவதில்லை.

இதில் ஆராய்ச்சியாளரை வெகுநாள் திகைக்கவைத்த விஷயம் ஒன்றுண்டு. நல்ல கிழங்கின் தோலிலும், தோலிலுள்ள மூச்சுத் துளைகளிலும் இக்கிருமி பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. ஆயினும் மாதக்கணக்கில் யாதொரு தீங்கும் செய்யாமல் கிடக்கிறது. பின்னர் ஒரு நாள் திடீரென்று, ஏவிவிட்டாற்போல் கிழங்கைக் கரைக்கத் தொடங்குகிறது. ஈரமும் வெப்பமும் காற்றோட்டக் குறைவும் இதற்குக் காரணங்கள் என்பது பழைய விடை. அது இன்றும் மெய்யே. கிழங்கின்மேல் நீர் படலமாகப் படிந்து நின்றால் உள்ளே பிராணவாயு குறைந்து, கிழங்கின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்துபோகும். ஆனால் அந்த விடை முழுமையானதன்று. கிருமிகள் தம் தொகையைத் தாமே அறிந்துகொள்கின்றன என்பதும், தொகை போதுமானதான பின்னரே அவை படையெடுக்கின்றன என்பதும் பிற்பாடு தெரியவந்தன.

இந்த அறிவு உருளைக்கிழங்கிலிருந்து பிறக்கவில்லை, கடலிலிருந்து வந்தது. கடல்நீரில் வாழும் ஒருவகை பாக்டீரியா ஒளி வீசும் தன்மையுடையது. ஹவாய்த் தீவுகளின் கரையோரம் வாழும் ஒரு சிறிய கணவாய் தன் உடலின் அறையொன்றில் இதனை வளர்த்து, இரவில் அதன் ஒளியை உபயோகப்படுத்திக்கொள்கிறது. இந்த பாக்டீரியா கடல்நீரில் தனித்தனியே அலையும்போது ஒளிர்வதில்லை. கணவாயின் அறையிலோ ஆராய்ச்சிச்சாலையின் குடுவையிலோ நெருங்கிப் பெருகிய பின்னரே ஒளிர்கிறது. 1970-ஆம் வருஷத்தில் நீல்ஸன், ஹேஸ்டிங்ஸ் முதலிய அமெரிக்க அறிஞர்கள் இதன் காரணத்தை வெளியிட்டனர். ஒவ்வொரு கிருமியும் ஒரு பொருளைச் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. அப்பொருள் சுற்றிலுமுள்ள நீரில் ஓர் அளவுக்குமேல் சேர்ந்ததும் எல்லாக் கிருமிகளும் ஏககாலத்தில் ஒளிரத் தொடங்குகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. அப்பொருள் இன்னதென்று 1981-இல் ரசாயன முறையில் அறியப்பட்டது. 1994-இல் இச்செய்கைக்குக் 'கோரம் அறிதல்' என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. கிராமசபையில் கோரம் சேராமல் தீர்மானம் நிறைவேறாது என்பதை அறிந்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை.

ஏரி வைத்துப் பாசனம் செய்யும் ஊரார்க்கு வேறோர் உவமை இன்னும் தெளிவாயிருக்கும். ஏரியில் நீர் எவ்வளவு சேர்ந்தாலும் கலிங்கு மட்டத்தை எட்டும் வரையில் வெளியே வழியாது; எட்டிய பின்போ அடங்காமல் பாயும். கிருமி விடும் சங்கேதப் பொருளே ஏரி நீர். கிழங்கைக் கரைக்கும் நொதிகள் வழிந்தோடும் வெள்ளம். ஏரிக்கு நீர் வெளியிலிருந்து வருகிறது. இங்கேயோ ஏரிக்குள் இருக்கும் ஒவ்வொரு கிருமியும் தன் பங்குக்கு ஒரு துளி சேர்க்கிறது. கிருமிகள் பெருகப் பெருக மட்டமும் உயர்கிறது. இவ்வொரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் உவமை பழுதின்றிப் பொருந்தும்.

கிருமி ஏன் காத்திருக்கவேண்டும்? முதலிலேயே தாக்கினால் என்ன? செடியும் சும்மா இருப்பதன்று. தன் சுவர் கரைவதை உணர்ந்ததும் அது எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. காயத்தைத் தக்கைபோன்ற படலத்தால் மூடுகிறது. பத்துப் பேர் சேர்ந்து கோட்டை வாயிலில் கூச்சலிட்டால் உள்ளிருப்போர் விழித்துக்கொள்வதன்றி வேறு பயனில்லை. ஆகவே படை திரளும் வரையில் ஒளிந்திருந்து, திரண்டபின் ஒரேயடியாகப் பாய்வதே கிருமிக்கு லாபம் என்பது அறிஞர்களுடைய அபிப்பிராயம். மெல்லழுகல் கிருமியின் உள்ளே ஒரு கடிவாளம் போன்ற ஏற்பாடு இருக்கிறது. சங்கேதம் குறைவாயிருக்கையில் அது நொதிகளின் உற்பத்தியை இழுத்துப் பிடித்திருக்கும். சங்கேதம் மிகுந்ததும் கடிவாளம் தளர்ந்துவிடும்.

சங்கேதப் பொருளின் வடிவத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம். பின்னே வருவது அதனால் விளங்கும். அதற்குத் தலையும் வாலும் உண்டு. தலை, லாக்டோன் எனப்படும் ஒரு வளையம். வால், கொழுப்பமில வகையைச் சேர்ந்த கரிச் சங்கிலி. தலை எல்லா வகைக்கும் ஒன்றே. வாலின் நீளமும் அதில் ஒட்டியுள்ள சிறு மாறுதல்களும் கிருமிக்குக் கிருமி வேறுபடும். மெல்லழுகல் கிருமி வழங்குவது பெரும்பாலும் ஆறு கரியணு வாலுடையது. முற்கூறிய கடல் பாக்டீரியாவின் சங்கேதமும் அதுவே. மனிதருடைய புண்களைக் கெடுக்கும் ஸூடோமோனாஸ் என்னும் கிருமி பன்னிரண்டு கரியணு வாலுடையதையும் நாலு கரியணு வாலுடையதையும் வழங்குகிறது.

கிருமியைக் கொல்லாமல் அதன் சங்கேதத்தை மட்டும் அழித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இவ்விடத்தில் எழுவது இயல்பே. இக்கேள்விக்குத் திட்டமான விடை சிங்கப்பூரில் கிடைத்தது. அங்குள்ள ஆராய்ச்சிச்சாலையொன்றில் ஜாங் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும், சங்கேதப் பொருளைச் சிதைக்கவல்ல பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அது பாஸில்லஸ் இனத்தைச் சேர்ந்தது. அதற்கு 240பி1 என்று அடையாளம் இட்டனர். சிதைக்கும் வேலையைச் செய்வது 250 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நொதி என்று கண்டு, அதற்கு ஏ.ஐ.ஐ.ஏ. என்று பெயரிட்டு 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர்.

அவர்கள் செய்த பரீட்சை எளியதாயினும் நுட்பமானது. அந்நொதியை உண்டாக்கும் ஜீனை மெல்லழுகல் கிருமியின் உள்ளேயே புகுத்திவிட்டனர். அதாவது, ஏரிக்குள்ளேயே எப்போதும் திறந்து கிடக்கும் மதகொன்றை வைத்துவிட்டனர். கிருமி விடும் சங்கேதம் பெரிதும் குறைந்தது. பெக்டினைக் கரைக்கும் நொதிகளும் குறைந்தன. உருளைக்கிழங்கு, கத்தரி, சீனக் கோசு, காரட், செலரி, காலிபிளவர், புகையிலை ஆகிய ஏழிலும் தடவிப் பார்த்தபோது, சாதாரணக் கிருமி விளைக்கும் கேட்டைவிட இக்கிருமி விளைத்த கேடு குறைவாயிருந்தது. ஆயுதம் ஏந்திய படை இருந்தும், உத்தரவு எட்டாமையால் அது நின்ற இடத்திலேயே நின்றது என்க.

அடுத்த வருஷமாகிய 2001-இல் அதே குழுவினர் நொதியின் செய்கையை இன்னதென்று காட்டினர். அது சங்கேதத்தின் தலையிலுள்ள வளையத்தை நீரின் துணையால் அறுத்துத் திறந்துவிடுகிறது. வளையம் திறந்த சங்கேதத்தைக் கிருமியால் அறிந்துகொள்ள முடியாது. ஓலை வந்து சேரும், எழுத்து இராது. வளையத்தை அறுப்பதால் இத்தகைய நொதிக்கு லாக்டோனேஸ் என்று பெயர். இதன் ஜீனைப் புகையிலைச் செடியிலும் உருளைக்கிழங்குச் செடியிலும் புகுத்தி வளர்த்தபோது, அச்செடிகள் மெல்லழுகலை நன்கு எதிர்த்து நின்றன. செடியே தன்னைத் தாக்க வருபவரின் பேச்சைக் குலைப்பது வியக்கத்தக்க காட்சி. ஆனால் இவை ஆராய்ச்சிச்சாலைச் செடிகள் என்பதைக் குடியானவர்கள் மறக்கலாகாது. ஜீன் மாற்றிய பயிர் எதுவாயினும், 1986-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட 1989-ஆம் வருஷத்து விதிகளின்படி அனுமதி பெறாமல் இந்நாட்டில் பயிரிடுதல் கூடாது. இத்தகைய விதைக்கிழங்கு இருப்பதாகச் சொல்லி எவரேனும் கிராமத்துக்கு வந்தால் அவரை நம்புவதற்கில்லை.

குடியானவருக்கு அதிக நெருக்கமான செய்தி 2004-இல் வந்தது. கோசுப் பயிரில் புழுவைக் கொல்லத் தெளிக்கும் பி.டி. என்னும் பாஸில்லஸ் துரிஞ்சியென்ஸிஸ் பலருக்கும் அறிமுகமானதே. 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழு நோயின் காரணமாகக் கண்டறியப்பட்டு, பின்னர் ஜெர்மனியில் துரிஞ்சியா பிரதேசத்தின் பெயரைப் பெற்ற அதே பாக்டீரியாதான். இதனிடம் லாக்டோனேஸ் பரவலாக இருப்பதைச் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். பி.டி.யையும் மெல்லழுகல் கிருமியையும் ஒரே குடுவையில் வளர்த்தபோது கிருமியின் வளர்ச்சி தடைப்படவில்லை. சங்கேதம் மட்டும் சேரவில்லை. கிழங்கில் பரீட்சித்தபோது, லாக்டோனேஸ் உடைய ஏழு பி.டி. வகைகளும் அழுகலைக் குறைத்தன. அந்நொதி இல்லாத வேறு பாக்டீரியாக்கள் ஏறக்குறைய பயனற்றுப்போயின. நொதி உள்ளவை காத்தன, இல்லாதவை காக்கவில்லை என்ற இந்த ஒப்பீடே அப்பரீட்சையின் உயிர். வேறு ஏதேனும் காரணத்தால் கிழங்கு பிழைத்திருக்கலாம் என்ற சந்தேகத்தை அது பெரிதும் நீக்கிவிட்டது.

லாக்டோனேஸ் ஒன்றே வழி என்பதில்லை. தலையையும் வாலையும் தனித்தனியே பிரித்துவிடும் ஏஸைலேஸ் என்னும் நொதிகளும் உண்டு. இவ்விரண்டிற்கும் கவனிக்கத்தக்க பேதம் ஒன்றிருக்கிறது. லாக்டோனேஸ் திறந்த வளையம் புளிப்புத்தன்மையுள்ள இடத்தில் மீண்டும் மூடிக்கொள்ளக்கூடும். ஏஸைலேஸ் அறுத்த வால் தானாக ஒட்டாது. காரத்தன்மை மிகுந்த இடத்திலோ, நொதி எதுவும் இல்லாமலேயே வளையம் மெல்ல மெல்லத் திறந்துவிடுகிறது. நிலத்திலுள்ள சில பாக்டீரியாக்கள் இச்சங்கேதத்தைச் சிதைப்பதோடு நில்லாமல் ஆகாரமாகவும் கொள்கின்றன. வேரியோவோராக்ஸ் என்னும் பாக்டீரியா இதனை மட்டுமே தின்று வாழவல்லது என்று 2000-இல் அமெரிக்காவில் கண்டனர். பிரான்ஸ் தேசத்தில் மற்றொரு வழியைக் கைக்கொண்டனர். ரோடோகாக்கஸ் என்னும் சங்கேதம் சிதைக்கும் பாக்டீரியா உருளைக்கிழங்கின் வேரடியில் இயல்பாகவே வாழ்வதைக் கண்டு, அதற்குப் பிடித்தமான ஆகாரத்தை இட்டு அதன் தொகையைப் பெருக்க முயன்றனர். வெளியிலிருந்து வேலையாள் கொண்டுவருவதைவிட ஊரிலுள்ளவனுக்கே கூலி கூட்டிக்கொடுப்பது போன்ற இந்த யோசனை மிகவும் போற்றத்தக்கது.

இவ்வழியின் விசேஷம் யாதெனில், இது கிருமியைக் கொல்வதில்லை என்பதே. கொல்லும் மருந்தைத் தெளித்தால் அதற்குத் தப்பிய ஒன்றிரண்டு கிருமிகள் பெருகி, மருந்துக்கு அடங்காத சந்ததி தோன்றும். உயிர்கொல்லி மருந்துகளின் சரித்திரம் முழுவதும் இதுவே. பேச்சை மட்டும் குலைக்கும்போது அத்தகைய நெருக்குதல் குறைவு. ஆயினும் அறவே இல்லை என்று சொல்லிவிடுவது அவசரமாகும். காலப்போக்கில் கிருமி இதற்கும் வழி தேடக்கூடும்.

குறைகளையும் சொல்லவேண்டும். முதலாவது, எல்லாக் கிருமிகளும் ஒரே பாஷை பேசுவதில்லை. கத்தரி, தக்காளி, இஞ்சி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை வாடவைக்கும் ரால்ஸ்டோனியாக் கிருமி தன் நோய்ச்செய்கைக்கு முக்கியமாக வழங்கும் சங்கேதம் லாக்டோன் வளையம் இல்லாத வேறொரு பொருள். நெல்லில் இலைக்கருகல் உண்டாக்கும் ஸாந்தோமோனாஸ் வழங்குவதும் வளையமற்ற கொழுப்பமிலமே. ஆகையால் லாக்டோனேஸ் அவ்விரண்டு நோய்களுக்கும் மருந்தாகாது. நெற்பயிருக்கும் இதே புட்டி உதவும் என்று சொல்லுகிறவர் விஷயம் அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர். இரண்டாவது, நிலத்திலுள்ள நல்ல பாக்டீரியாக்களிற் பலவும் இதே லாக்டோன் பாஷையைப் பேசுகின்றன. அவரை இனப் பயிர்களின் வேர் முடிச்சில் வாழும் ரைஸோபியமும், வேரழுகல் பூஞ்சைகளைத் தடுக்கும் சில ஸூடோமோனாஸ் வகைகளும் அவற்றுட் சேர்ந்தவை. பகைவரின் பேச்சை அடைக்கப்போய் நண்பரின் பேச்சையும் அடைத்துவிடுதல் கூடும். மூன்றாவது, அழுகல் தொடங்கிய பின் இதனால் ஆவது ஒன்றுமில்லை. கலிங்கு வழிந்து வயல் முழுகிய பின் மதகைத் திறப்பதில் என்ன பயன்?

கடைகளில் விற்கும் பி.டி. மருந்தை வாங்கிக் கிழங்கில் தூவலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அம்மருந்தில் இருப்பவை பெரும்பாலும் உறங்கும் வித்துக்களும் புழுவைக் கொல்லும் படிகங்களுமே. லாக்டோனேஸ் உயிருள்ள அணுவின் உள்ளே வேலை செய்யும் நொதியாதலால், வித்துக்கள் விழித்து வளர்ந்தாலன்றிச் சங்கேதம் சிதையாது. வகைக்கு வகை நொதியின் அளவும் மாறும். மேலும் அம்மருந்து புழுவுக்கென்று பதிவு செய்யப்பட்டது, அழுகலுக்கு அன்று. 1968-ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி, நோயையோ பூச்சியையோ தடுப்பதாக விற்கப்படும் பாக்டீரியா மருந்துகளுக்கும் பதிவு வேண்டும். ஆகவே, 'நொதி மருந்து' என்று சொல்லிப் புட்டிகளை ஊருக்குக் கொண்டுவருபவரிடம் சீட்டிலுள்ள பதிவு எண், எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றை முதலில் கேட்கவேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையாயினும் கிராம அதிகாரிகள் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உசிதம். பணம் போன பின்பு தெரிவிப்பதைவிட வண்டி ஊரில் நிற்கும்போதே தெரிவிப்பது மேல்.

இப்போது குடியானவர் கையிலுள்ள உபாயங்கள் பழையவையே. ஆனால் சங்கேதத்தின் கதையை அறிந்தபின் அவற்றின் காரணம் புதிதாக விளங்குகிறது. கிருமி நெருங்கிச் சேர இடம் கொடாமலிருப்பதே அவை அனைத்தின் நோக்கம். காயம்பட்ட இடத்திலும் தேங்கிய ஈரத்திலுமே கிருமிகள் நெருங்குகின்றன. சங்கேதமும் அலையாமல் அங்கேயே சேருகிறது. எனவே பாரில் நீர் தேங்க விடலாகாது. கொடி நன்கு காய்ந்து, தோல் முற்றிய பின்பே தோண்டவேண்டும். இளந்தோல் சாக்கில் உரசினாலே கிழியும். மழை பெய்து நிலம் சேறாயிருக்கையில் அவசரப்பட்டுத் தோண்டுவது, விலை ஏறியிருந்தாலும் லாபமாவதில்லை. தோண்டுகையில் வெட்டுப்பட்டவற்றையும் நசுங்கியவற்றையும் களத்திலேயே பிரித்துவிடவேண்டும். 'ஒன்றுதானே' என்று மூட்டைக்குள் போட்ட அந்த ஒன்றே கோரம் சேரும் இடம்.

தோண்டிய கிழங்கை நிழலில் காற்றாட உலர்த்திப் பின்னர் காயம் ஆற அவகாசம் தரவேண்டும். குளிர்ந்த, காற்றோட்டமுள்ள, ஈரக்காற்றுடைய இடத்தில் பத்துப் பதினைந்து நாள் வைத்தால் காயத்தின்மேல் தக்கைப் படலம் கட்டும். ஈரக்காற்று வேறு, கிழங்கின்மேல் நீர் நிற்பது வேறு. முன்னது காயத்தை ஆற்றும், பின்னது அழுகச்செய்யும். கழுவிய கிழங்கை ஈரத்தோடு சாக்கில் கட்டுதல் அறவே கூடாது. விதைக்கிழங்கை வெட்டி நடுவோர் கத்தியை அடிக்கடி சலவைத்தூள் கரைசலில் தோய்த்துக்கொள்வதும், வெட்டு வாய் உலர்ந்த பின்பு நடுவதும் அவசியம். கூடியவரை முட்டையளவு கிழங்கை முழுதாக நடுவதே நலம். இக்கிருமி 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் வெகு வேகமாகப் பெருகுவதால், மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் சரக்கை நெருக்கி அடுக்கி, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி, இரவு முழுவதும் லாரியில் நிறுத்திவைப்பது கிருமிக்கு விருந்து வைப்பதேயாகும்.

பதிவு பெற்ற பாக்டீரியா மருந்து எதையேனும் பரீட்சித்துப் பார்க்க விரும்பும் மிராசுதார்கள் முழுச் சரக்கிலும் இறங்காமல், ஒரே வயலில் ஒரே நாளில் தோண்டிய கிழங்கிலிருந்து நான்கு மூட்டைகளை எடுத்துக்கொள்ளவேண்டும். இரண்டில் மருந்திட்டு, இரண்டில் வெறும் நீரை அதே அளவு தெளித்து, எல்லாவற்றையும் ஒரேவிதமாக உலர்த்தி, ஒரே கொட்டகையில் வைக்கவேண்டும். ஒன்றும் தெளிக்காத மூட்டையோடு ஒப்பிடுவது தவறு. தெளித்த நீரே அழுகலைக் கூட்டியிருக்கலாம். வாரம் ஒரு முறை அவிழ்த்து, அழுகியவற்றை எண்ணி, எடைபோட்டு, தேதியுடன் நோட்டில் குறித்து வரவேண்டும். எண்ணிய பின் அழுகிய கிழங்குகளை எருக்குழியில் போடாமல் தூரத்தில் ஆழமாகப் புதைத்துவிடவேண்டும். எடுத்த கையையும் சோப்பிட்டுக் கழுவிய பின்பே அடுத்த மூட்டையைத் தொடவேண்டும்.